'ஓர் ஊசி போதும்': கருணைக்கொலை பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவருக்கு ஸகறாத் நிலை நெருங்கிவிட்டது என்று தெரிந்தால் அந்த வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். படுக்கையைக் கிப்லாவை நோக்கித் திருப்புவார்கள். தலைமாட்டில் ஒருவர் யாசீன் ஓதுவார். பஞ்சில் தண்ணீர் தொட்டு உதடுகளை நனைப்பார்கள். காதருகே மெதுவாகக் கலிமா சொல்லிக் கொடுப்பார்கள். மனத்தாங்கல் உள்ளவர்கள் வந்து, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டதாகச் சொல்லிப் போவார்கள். றூஹு இலேசாகப் பிரியட்டும் என்பதே அங்குள்ள எல்லோருடைய துஆவாகவும் இருக்கும். மரணம் விரைவாக வரவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. இலேசாக வரவேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த இரண்டு வேண்டுதல்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே நான் இங்கு எழுத முனைகின்றேன்.

என்னுடைய மூத்த காக்கா பெண்ணெடுத்த ஊர் பாலமுனை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கப்படி திருமணத்தின் பின் மதினியின் வளவிலேயே குடியிருந்தார். ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவில், கடலின் இரைச்சல் இரவில் தெளிவாகக் கேட்கும் வீடு. வாழ்நாள் முழுவதும் வேளாண்மை செய்த மனிதர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர், முதுகெலும்புவரை பரவிவிட்ட புற்றுநோயுடன், கொழும்புப் பக்கத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, பரசிற்றமோல் வில்லைகளையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

நான் கல்முனையிலிருந்து போய்ப் பார்த்த மூன்றாவது நாள், மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ பேப்பர்காரன். டொக்டர்மார உனக்குத் தெரியும். ஒரு ஊசி போதும். அதப் போட்டு என்ன அனுப்பி வைக்கச் சொல்லன்" என்றார். ஐந்து நேரத் தொழுகையை விடாத மனிதர் அவர். தாம் கேட்பது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எனக்கோ பதில் தெரிந்திருக்கவில்லை. "அப்படியெல்லாம் பேசக் கூடாது காக்கா" என்று மட்டும் சொன்னேன். அது பதிலல்ல என்பது இருவருக்கும் விளங்கியது.

பத்திரிகை மேசையில் இருந்த காலம் முழுவதும் 'கருணைக்கொலை' என்ற சொல்லைத் தலைப்புகளில் தாராளமாகப் பயன்படுத்தியவன் நான். வெளிநாட்டுச் செய்தி முகவர்கள் அனுப்பும் செய்திகளைத் தமிழாக்கும்போது, வைத்தியர் நோயாளிக்கு மரண ஊசி போட்டாலும் கருணைக்கொலை என்றே எழுதினோம். வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி தாமே அருந்தி இறந்தாலும் அதே சொல்தான். பயனற்ற சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விட்டாலும் அதே சொல்தான். வலியைத் தணிப்பதற்குக் கொடுத்த மருந்து ஆயுளைச் சற்றுக் குறைத்திருக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கும் அதே சொல்தான். நான்கு வெவ்வேறு செயல்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டோம். காக்காவின் கேள்விக்குப் பின்னர்தான் இந்த வரலாற்றை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஊசியின் வரலாற்றைச் சொல்லவேண்டும். அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். தோலுக்கடியில் மருந்து செலுத்தும் ஊசி 1853ஆம் ஆண்டளவில் வைத்தியர்களின் கைக்கு வந்தது. அதற்கு முன்னரும் மனிதர்கள் வேதனையில் இறந்தார்கள். ஆனால் வேதனையை நிறுத்தும் வல்லமையும் உயிரை நிறுத்தும் வல்லமையும் ஒரே சிறு கருவிக்குள் வந்து சேர்ந்தது அப்போதுதான். 1870ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் சாமுவேல் வில்லியம்ஸ் என்பவர், தீராத நோயாளிகள் விரும்பினால் குளோரோபோம் போன்ற மருந்தைக் கொண்டு வைத்தியர்கள் அவர்களுடைய வாழ்வை முடிக்கலாம் என்று கட்டுரை எழுதினார். அவர் வைத்தியர் அல்லர். 1935இல் இதற்கென்றே பிரித்தானியாவில் ஒரு சங்கம் தோன்றியது. 1936 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் ஒரு மசோதா வந்து, 35க்கு 14 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

அந்த விவாதத்தில் மசோதாவை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் டோசன் பிரபு. அரச குடும்பத்தின் வைத்தியர். இத்தகைய விடயங்களைச் சட்டத்தில் எழுதவேண்டியதில்லை, வைத்தியர்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த வாதத்தின் பின்னால் என்ன இருந்தது என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்தே உலகத்துக்குத் தெரியவந்தது.

1936 ஜனவரி 20ஆம் திகதி இரவு, அன்றைய இலங்கைக்கும் மன்னராக இருந்த ஐந்தாம் ஜோர்ஜ் சன்ட்ரிங்ஹாம் மாளிகையில் மரணப்படுக்கையில் இருந்தார். மன்னரின் வாழ்வு அமைதியாக முடிவை நெருங்குகின்றது என்று வானொலி அறிவித்தது. இரவு பதினொரு மணியளவில் டோசன் பிரபு மன்னரின் கழுத்து நரம்பில் மோர்பினையும், பின்னர் கொக்கெய்னையும் தம் கையாலேயே செலுத்தினார். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மன்னர் இறந்தார். டோசன் எழுதி வைத்திருந்த குறிப்புகளை அவருடைய வரலாற்றை எழுதிய பிரான்சிஸ் வட்சன் 1986இல் வெளியிட்டார். அந்த நேரத்தைத் தேர்ந்ததற்கு டோசன் கூறியிருந்த காரணங்களுள் ஒன்று, மரணச் செய்தி தரங்குறைந்த மாலைப் பத்திரிகைகளில் அல்லாமல், மதிப்புக்குரிய காலைப் பத்திரிகைகளில் முதலில் வரவேண்டும் என்பது. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அச்சைச் சற்றுத் தாமதிக்கும்படி தம் மனைவி மூலம் தொலைபேசியில் சொல்லியும் வைத்திருந்தார்.

அச்சுக்குப் போகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே தொழில் செய்தவன் என்ற வகையில் இச்செய்தி என்னை உலுக்கியது. இங்கு மன்னர் ஊசியைக் கேட்கவில்லை. அவர் மயக்கத்தில் இருந்தார். கேட்டது வைத்தியரின் மனத்தில் இருந்த ஒரு பத்திரிகையின் அச்சு நேரம். உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தின் அதிபதிக்கே தம் இறுதி மணித்தியாலத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை என்றால், பாலமுனையின் ஒரு விவசாயிக்கு என்ன பாதுகாப்பு என்று நினைத்தேன். அன்றிலிருந்து இந்த வரலாற்றில் வரும் ஒவ்வொரு சம்பவத்திடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொண்டேன். கேட்டவர் யார்? அது யாருடைய சௌகரியத்துக்காக நடந்தது?

மூன்று ஆண்டுகள் கழித்து ஜேர்மனியில் நடந்ததற்கு இக்கேள்விகளைப் பொருத்திப் பாருங்கள். ஹிட்லர், 1939 செப்டம்பர் 1ஆம் திகதியிட்ட ஒரு கடிதத்தில், குணப்படுத்த முடியாதவர்களுக்கு 'கருணை மரணம்' வழங்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட வைத்தியர்களுக்கு வழங்கினார். மனநோயாளிகளும் அங்கவீனர்களுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1941 ஓகஸ்டுக்குள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நச்சுவாயு அறைகள் முதலில் பரீட்சிக்கப்பட்டது இவர்கள்மீதுதான். கருணை என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இவையெல்லாம் ஐரோப்பியரின் கதைகள், நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். தமிழர் வரலாற்றிலும் தாமே தேர்ந்த மரணம் உண்டு. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் தன் மைந்தரோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனை ஒருபோதும் நேரில் கண்டிராத பிசிராந்தையார் வந்து அவனோடு சேர்ந்துகொண்டார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதனும் நாணி வடக்கிருந்தான். சமணர்களிடம் சல்லேகனை என்ற நோன்பு இருந்தது. முதுமை, தீராத நோய், பஞ்சம் முதலிய நிலைகளில் உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் விடுதல் அது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர் நீத்ததைச் சொல்கின்றது. 2015 ஓகஸ்ட் 10ஆம் திகதி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பானதெனத் தீர்ப்பளித்தபோது சமணர்கள் வீதிக்கு வந்தார்கள். அதே மாதம் 31ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஒருவருடைய கொள்கையை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் இவர்கள் அனைவரும் தாமே முடிவெடுத்தவர்கள். ஊர் பார்த்திருக்க, பல நாள் அவகாசத்தோடு, மனம் மாறினால் எழுந்து வரக்கூடிய நிலையில் முடிவெடுத்தவர்கள்.

இதற்கு நேரெதிரானது தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் நிலவிய தலைக்கூத்தல். படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிர நீராட்டி, இளநீரை அளவின்றிப் பருகக் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்து ஓரிரு நாட்களில் உயிர் போகும். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தமக்கு அந்த ஏற்பாடு நடப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பியோடிய பின்னரே இவ்வழக்கம் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அங்கேயும் கருணை என்றுதான் சொன்னார்கள். வறுமை இருந்தது, கவனிக்க ஆளில்லாத நிலை இருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆயினும் ஓடிப்போன அந்த முதியவரின் கால்கள் சொன்ன பதிலை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மெக்காலே வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி, இலங்கைக்கு 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவை வந்தது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்று அது விதித்தது. நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1998இல் தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்கு 299ஆம் பிரிவு மரண தண்டனையை விதிக்கின்றது. 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் ஏட்டில் தண்டனை அதுதான். காக்கா என்னிடம் கேட்ட உதவியைச் செய்யும் வைத்தியர் எந்த இடத்தில் நிற்பார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சிகிச்சையை நிறுத்துவது வேறு, உயிரை எடுப்பது வேறு என்பதை அந்தக் கோவை சொற்களால் பிரித்து எழுதவுமில்லை. 1883இல் சுவாச இயந்திரம் கிடையாது. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்தியாவில் அந்த வேறுபாட்டை எழுத வைத்தவர் ஒரு தாதி. மும்பையின் கே.ஈ.எம். வைத்தியசாலையில் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27ஆம் திகதி அங்கேயே ஒரு துப்புரவுத் தொழிலாளியால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டுப் பாலியல் கொடுமைக்குள்ளானார். மூளைக்குப் பிராணவாயு செல்லாமல் போனதால் அன்றிலிருந்து நினைவு திரும்பவில்லை. எழுத்தாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த வைத்தியசாலையின் தாதிகள் எதிர்த்து நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் காத்தவர்கள் அவர்கள். 2011 மார்ச் 7ஆம் திகதி நீதிமன்றம் தாதிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வழியையும் திறந்துவிட்டது. அருணா 2015 மே 18ஆம் திகதி நியூமோனியாவால் இயற்கையாக இறந்தார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் படுக்கையில். அவர் என்ன கேட்டிருப்பார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் அவரைக் கவனித்தவர்களின் சொல்லுக்கு நீதிமன்றம் காது கொடுத்தது என்பதை நான் பெரிதாக மதிக்கின்றேன்.

2018 மார்ச் 9ஆம் திகதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று கூறி, ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, மீள முடியாத நிலையில் தமக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என ஏற்றுக்கொண்டது. அதற்கான நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது. ஊசி போட்டு உயிரை முடிப்பதை இந்திய நீதிமன்றம் இவற்றில் எங்கும் அனுமதிக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் வாசலில் இவ்விடயத்தைப் பேசினால், 'எல்லாம் ஹராம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அது பாதி உண்மை. தன்னுயிரை மாய்ப்பதை இஸ்லாம் திட்டவட்டமாகத் தடுக்கின்றது. காயத்தின் வேதனை தாங்காமல் தன்னைத் தானே முடித்துக்கொண்ட வீரரைப் பற்றிய நபிமொழிகள் பிரசித்தமானவை. துன்பம் வந்ததற்காக மரணத்தை ஆசைப்படவேண்டாம் என்று தடுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாங்க முடியாத நிலையில் வாழ்வோ மரணமோ எது நலமோ அதைத் தருமாறு இறைவனிடம் கேட்கும் வழியையும் கற்றுக் கொடுத்தார்கள். வேதனைப்படும் மனிதனின் வாயை அவர்கள் அடைக்கவில்லை. அவனுக்கு ஒரு துஆவைக் கொடுத்தார்கள். நான் காக்காவிடம் சொன்ன பதிலைவிட அது எவ்வளவு மேலானது என்று பின்னர் வெட்கப்பட்டேன்.

மறுபாதி உண்மை பலருக்குத் தெரியாது. வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண் நபிகளிடம் வந்தபோது, குணத்துக்காகப் பிரார்த்திப்பதையும், பொறுமையோடு இருந்து சுவர்க்கம் பெறுவதையும் அவர்கள் அவளுடைய தெரிவுக்கே விட்டார்கள். இச்சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டு, எல்லா நோய்க்கும் சிகிச்சை பெறுவது கட்டாயக் கடமையல்ல என்று மார்க்க அறிஞர் பலர் கூறினர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், முன்னோர்களில் சிலர் மருந்தை மறுத்ததற்கான காரணங்களை வகைப்படுத்தியே எழுதியிருக்கின்றார்கள். ஆக, மருந்தை மறுப்பது வேறு, மரணத்தை வரவழைப்பது வேறு என்ற பிரிவு, மும்பைத் தாதியின் வழக்குக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எங்கள் கிதாபுகளில் இருந்தது.

நவீன காலத்திலும் அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. 1981இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ மாநாட்டின் ஒழுக்கக் கோவை, கருணைக்கொலையை மறுத்தது. அதே மூச்சில், மீள முடியாத நோயாளியை அசாதாரண முயற்சிகளால் இழுத்துக்கொண்டிருப்பதும் வீண் என்றது. வைத்தியர் காப்பது வாழ்வை. சாவை நீட்டிப்பது அவருடைய வேலையல்ல என்பது அதன் கருத்து. 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகம், மூளையின் செயற்பாடுகள் அனைத்தும் மீளமுடியாதபடி நின்றுவிட்டன என்று வைத்திய நிபுணர்கள் உறுதிசெய்தால், இதயம் இயந்திரத்தின் துணையோடு துடித்தாலும் அந்த இயந்திரத்தை அகற்றலாம் எனத் தீர்மானித்தது. மக்காவில் கூடிய மற்றொரு ஃபிக்ஹ் சபை 1987இல் இயந்திரத்தை அகற்ற அனுமதித்தது. ஆனால் இதயமும் சுவாசமும் நின்ற பின்னரே மரணம் நிகழ்ந்ததாகக் கொள்ளவேண்டும் என்றது. இத்தீர்மானங்கள் எங்கள் கரையோரத்தின் குத்பா மேடைகளில் விளக்கப்பட்டிருந்தால், தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி நிற்கும் காட்சிகள் குறைந்திருக்கும்.

வலிமருந்தைப் பற்றிய அச்சமும் இதே குழப்பத்திலிருந்து வந்தது. 1957இல் லண்டனில் ஜோன் பொட்கின் அடம்ஸ் என்ற வைத்தியர்மீது கொலை வழக்கு நடந்தபோது, நீதிபதி டெவ்லின், வலியைத் தணிப்பதற்குத் தேவையான மருந்தை வைத்தியர் கொடுக்கலாம், அதனால் ஆயுள் தற்செயலாகச் சற்றுக் குறைந்தாலும் அது குற்றமாகாது என்று ஜூரிகளுக்கு விளக்கினார். அதே ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும் இதே கருத்தைச் சொன்னார். செயலை அதன் எண்ணத்தை வைத்து அளப்பது முஸ்லிம்களுக்குப் புதிய பாடமல்ல. சரியான அளவில் கொடுக்கப்படும் மோர்பின் உயிரைப் பறிப்பதில்லை என்பதும், தீவிர வலியுள்ளவருக்கு அது போதைப் பழக்கமாக மாறுவது அரிது என்பதும் இன்று மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தவை.

1986 என்ற ஆண்டு எனக்கு இன்னொரு காரணத்தாலும் நினைவில் நிற்கின்றது. மன்னரின் மரண இரகசியம் வெளிவந்த, அம்மான் தீர்மானம் நிறைவேறிய அதே ஆண்டில்தான், உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வெளியிட்டது. சாதாரண வில்லையில் தொடங்கி, தேவைப்பட்டால் வாய்வழி மோர்பின்வரை செல்லும் மூன்று படிகள். அதிக விலையோ பெரிய கருவிகளோ வேண்டாத முறை. அது வெளியாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் காக்கா முதற்படியிலேயே விடப்பட்டிருந்தார்.

அட்டாளைச்சேனையிலிருந்து ஓர் உறவினர் சொல்லி, அயலூர் ஒன்றில் இருந்த ஓர் இளம் வைத்தியரிடம் நானும் மருமகனும் போனோம். அவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஊசி போடவில்லை, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அருந்தும் மோர்பின் பாணியை எழுதிக் கொடுத்தார். மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்தார். இரண்டாம் நாள் காக்கா ஆறு மணித்தியாலம் உறங்கினார். மூன்றாம் நாள் வயல் விதைப்பு முடிந்ததா என்று கேட்டார். ஊசியைப் பற்றிப் பேசவில்லை. அவர் கேட்டது மரணத்தையல்ல, வலியின் முடிவையே என்று நான் அப்போது முடிவு செய்துகொண்டேன்.

கேரளத்தில் இந்த உண்மையை ஒரு சமூகமே கற்றுக்கொண்டது. 1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரணச் சேவை, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பாக விரிந்தது. பள்ளி மாணவரும் வர்த்தகரும் குடும்பப் பெண்களும் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அவர்களிடம் இருந்து எங்களிடம் இல்லாதது எது? ஸதகாவா, பள்ளிவாசல் நிர்வாகங்களா, மையித்து வீட்டுக்குச் சோறு சமைத்துப் போகும் அயலவரா? மையித்து ஆவதற்கு முந்திய மூன்று மாதங்களுக்கும் அதே அயலவர் தேவை என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதே வேறுபாடு.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் உண்மை முழுமையாகாது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002இலிருந்து வைத்தியரின் ஊசி சட்டபூர்வமானது. சுயநலமின்றித் தற்கொலைக்கு உதவுவதைச் சுவிற்சர்லாந்தின் சட்டம் 1942இலிருந்தே தண்டிப்பதில்லை. கனடாவில் 2016இல் வந்த சட்டம், 2021இல் மரணம் அண்மையில் இல்லாதவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் பெருந்தொகையாக வாழும் நாடுகள் இவை. அங்குள்ள முதியோர் இல்லங்களில் தமிழில் இக்கேள்வி இன்று கேட்கப்படுகின்றது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1997இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மரண மருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் முன்வைக்கும் காரணம் வலியல்ல. சுயாதீனத்தை இழப்பது, மகிழ்ந்து செய்தவற்றைச் செய்ய முடியாமை, கண்ணியம் குன்றுவது என்பவையே முன்னிற்கின்றன.

அதை வாசித்தபோது எனக்குப் புதுமையாக இருக்கவில்லை. மருந்து தொடங்கி ஆறாவது வாரம், வலியில்லாத ஓர் அசர் நேரத்தில், மதினி அவரைத் துடைத்துவிட்டுப் போன பின்னர், காக்கா மீண்டும் என்னைக் கூப்பிட்டார். "வலி இல்ல தம்பி. ஆனா இப்பிடி மத்தவங்கட கையில கிடக்கிறது எனக்கு ஏலாம இருக்கு. அந்த ஊசிய ஏன் தர மாட்டாங்க?" என்றார். நான் அவசரமாகச் செய்துகொண்ட முடிவு அந்த நிமிடத்தில் உடைந்தது. இம்முறை வாயை அடைக்காமல் அருகே இருந்தேன். நபிகள் கற்றுக்கொடுத்த அந்தத் துஆவை இருவரும் சேர்ந்து கேட்டோம். பதில் சொல்லிவிட்டேன் என்று இன்றும் சொல்லத் துணியமாட்டேன்.

இந்த நாட்டில் அந்த ஊசியைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு ஏன் சேர முடியவில்லை என்பதற்கு மார்க்கத்துக்கு அப்பால் ஒரு காரணமும் எனக்கு உண்டு. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் அனைத்தையும் எரிக்கவேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், பிறந்து இருபது நாளான சிசுவின் உடல்கூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் தான் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச் 5ஆம் திகதியிலிருந்து ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மாதங்களில், வைத்தியசாலையில் மௌத்தாகிவிடுவோமோ என்ற பயத்திலேயே நோயை மறைத்த முதியவர்களை நான் அறிவேன். இறந்த உடலின்மீது இவ்வளவு எளிதாகக் கைவைத்த ஓர் அதிகாரத்திடம், இறக்கப்போகும் உடலின்மீதான முடிவையும் கொடுப்பதற்கு ஒரு சிறுபான்மைச் சமூகம் தயங்குவது மூடத்தனமல்ல. அது அனுபவம்.

ஆனால் தயக்கம் மட்டுமே ஒரு கொள்கையாகிவிட முடியாது. ஊசியை மறுப்பதற்கு நமக்கு உரிமை வேண்டுமென்றால் அதற்கு முன்னர் செய்து முடிக்கவேண்டிய கடன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் மோர்பினும் அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் இருக்கவேண்டும். மஹரகமைக்கும் எங்கள் கரைக்கும் இடையே முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பயனற்ற இயந்திரத்தை நிறுத்தலாம் என்பதை வைத்தியரும் ஆலிமும் ஒரே மேடையில் விளக்கவேண்டும். நோயாளியிடம் உண்மையைச் சொல்லவேண்டும். அவர் எது வேண்டாம் என்கின்றாரோ அதைக் குடும்பம் கேட்கவேண்டும். இவற்றைச் செய்யாமல் ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போவது, வேதனையின் செலவை நோயாளியின் தலையிலேயே கட்டிவிடுவதாகும். டோசன் பிரபு கேட்காதவருக்குக் கொடுத்தார். நாம் கேட்டவரைக் கேளாதவர்போல் இருந்துவிடுகின்றோம். இரண்டிலும் சௌகரியம் நம்முடையதாகவே இருக்கின்றது.

காக்கா அந்தக் கேள்விக்குப் பின் பதினாறு நாட்கள் இருந்தார். இறுதி வாரம் உணவு வேண்டாம் என்று தலையசைத்தார், நாங்கள் வற்புறுத்தவில்லை. சேலைன் ஏற்றலாமா என்று ஒரு மருமகன் கேட்டபோது, அது அவருக்கு இனி உதவாது என்று அந்த இளம் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். பாணியை மட்டும் கடைசிவரை துளித்துளியாக நாவின் அடியில் விட்டோம். சுபஹுக்குச் சற்று முந்திய நேரம், மூத்த மகள் யாசீன் ஓதி முடிக்கும் தறுவாயில், மூச்சு நின்றது. இலேசாகத்தான் பிரிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது. அன்று லுஹருக்குப் பின் பாலமுனை மையவாடியில் அடக்கம் செய்தோம்.